டீச்சரிடம் கேளுங்கள்: தெரியாமல் இல்லை, கைக்கு வரவில்லை

போன மாதம் வீட்டுப்பாடச் சண்டை பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்தான். உட்கார மாட்டேன் என்கிற பிள்ளை, சொன்னதை உடனே மறக்கிற பிள்ளை, ஜாமென்ட்ரி பாக்ஸைத் திறந்தால் பென்சில் இல்லாத பிள்ளை. இவர்களில் சிலருக்கு டாக்டர்கள் ஏடிஹெச்டி (கவனம் நழுவுவது, துறுதுறுப்பு, அவசரம் இவை வயதுக்கு மீறி இருக்கிற கோளாறு) என்று பெயர் சொல்கிறார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க அவர்களுக்குத்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 1984 முதல் 2019 வரை சாக்பீஸ் பிடித்தவள். கடைசிப் பத்து வருடம் வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு நாள், தனிக் கவனிப்பு தேவைப்படுகிற பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வருவார். என்னைவிட 25 வயது சின்னப் பெண். நான் இங்கே எழுதுவதில் பாதி அவளிடம் படித்தது.

என் மகன் மூன்றாம் வகுப்பு. டைரியில் தினமும் சிவப்பு மையில் ‘கவனமில்லை’. மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்கும் முடிவதில்லை. அவனும் அழுது நானும் அழுது தூங்கப் போகிறோம். ஆனால் டிவியில் கிரிக்கெட் என்றால் அசையாமல் இரண்டு மணி நேரம் இருக்கிறான். அப்படியென்றால் இது வேண்டுமென்றே செய்கிற சேட்டைதானே?
வாசகி, கோவில்பட்டி

நானே பல வருடம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து ஏதோ நடக்கிறது. ஃபோர், அவுட், ரீப்ளே, கூச்சல். அங்கே அவன் கவனத்தைப் பிடித்து வைக்க வேண்டியதே இல்லை, திரை இழுத்துக்கொள்கிறது. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு அப்படி யாரையும் இழுக்காது. மனதை இழுத்து வந்து அதில் உட்கார வைக்கிற வேலையை அவனேதான் செய்ய வேண்டும். இந்த மாதிரிப் பிள்ளைகள் தடுமாறுவது அந்த வேலையில்.

ராத்திரி படுக்கும்போது கேட்டுப் பாருங்கள், என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களைவிட அழகாகச் சொல்வான். தெரியாமல் இல்லை அம்மா. அந்த நிமிஷத்தில் கைக்கு வரவில்லை. ஒன்பது மணிக்குச் சொல்கிற புத்திமதி அத்தனையும் வீணாகப் போவது அதனால்தான். அவன் எந்த இடத்தில் வழுக்குகிறானோ அங்கேயே, அப்போதே கை கொடுக்க வேண்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். பள்ளி விட்டு வந்ததும் சாப்பிடக் கொடுங்கள், அரை மணி நேரம் தெருவில் ஓடட்டும். ஓடவிட்டால் களைத்துப்போவான் என்று பயப்படாதீர்கள், ஓடாத நாளில்தான் கால் தரையில் நிற்காது. ஐந்தரைக்கு உட்கார வையுங்கள். தனி அறையில் வேண்டாம், நீங்கள் காய் நறுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து. பத்துக் கணக்கு இருந்தால் தாளை மடித்து மூன்று மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். போனில் பத்து நிமிடம் அலாரம் வைத்துவிட்டு, போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பார்வை கூரைக்குப் போனதும் ‘எழுது எழுது’ என்று கத்த வேண்டாம், தோளில் ஒரு தட்டு போதும். அலாரம் அடித்தால் எழுந்துபோய்க் குடத்திலிருந்து உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரட்டும். அப்புறம் அடுத்த மூன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் காலண்டரில் ஒரு டிக். நான்கு டிக்குக்கு அன்றைக்கே ஒரு பரிசு. அப்பா பத்துப் பந்து போட வேண்டும், அவ்வளவுதான். அல்லது உங்கள் ஊர்க் கடலை மிட்டாய் ஒரு துண்டு. (2020ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், அதைவிட மரியாதையான பரிசு எது?) முழு ஆண்டில் முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு ஏப்ரல் மாதம் என்பது செவ்வாய்க் கிரகம் மாதிரி.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது. முக்கால் மணியில் முடியாததை முடியாமலே விட்டு, ‘இவ்வளவு நேரம் உட்கார்ந்தான், இவ்வளவு முடித்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். டீச்சர் கோபித்துக்கொண்டால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இது ஏடிஹெச்டிதானா என்று நானும் சொல்லக் கூடாது, உங்கள் மாமியாரும் சொல்லக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட, நோயைக் கண்டறிகிற கையேட்டின் ஐந்தாம் பதிப்புப்படி, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம், பள்ளியில் சமர்த்து என்றால் காரணத்தை வேறு எங்கேயாவது தேட வேண்டும். திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். போகும்போது அந்தச் சிவப்பு மை டைரியைக் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு அந்த ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்.

நான்காம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் 38 பேர். ஒருவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போகிறான், பக்கத்துப் பிள்ளைகளின் பொருளை எடுக்கிறான், கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துகிறான். பெற்றோர் டாக்டர் சீட்டைக் காட்டுகிறார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒருவனுக்காக 37 பேரை விட முடியுமா?
வாசகர், மன்னார்குடி

சார், முதலில் என் கதை ஒன்று. 1991ல் எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். பேசிக்கொண்டே இருப்பான். ‘வகுப்பில் பேச மாட்டேன்’ என்று நூறு தடவை எழுதச் சொன்னேன். பதினோரு வரி எழுதியிருந்தான். தாளைத் திருப்பினால், எங்கள் பள்ளி வாசலைத் தாண்டிப் போகிற பஸ்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. எந்த வண்டி, எங்கே போகிறது, எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிடம் லேட். ஒரு மாதமாக ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. எல்லார் முன்னாலும் அதைக் கிழித்துப் போட்டேன். கணக்குப் பாடத்தில் நேரம், இடைவெளி, பட்டியல் எல்லாம் நடத்த வேண்டிய டீச்சர், கையில் வந்த பாடத்தைக் கிழித்தேன். அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் பையன். அவனை ஜன்னல், வாசல் இரண்டிலிருந்தும் விலக்கி முன் வரிசையில் உட்கார வையுங்கள். உங்கள் மேஜையை ஒட்டி வேண்டாம், 37 பேரும் நோட்டுத் திருத்த அங்கேதானே வருவார்கள். பக்கத்தில் நிதானமான பிள்ளை ஒன்று இருந்தால் நல்லது. அதற்காக, பாவம், வகுப்பிலேயே அமைதியான பெண்பிள்ளையைப் பிடித்து ‘இவனைப் பார்த்துக்கொள்’ என்று போலீஸ் வேலை கொடுக்காதீர்கள். பல பள்ளிகளில் இதைப் பார்க்கிறேன், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அவன் எழுந்திருக்கத்தான் போகிறான். நீங்கள் தடுத்தாலும் எழுந்திருப்பான். அதனால் நீங்களே எழுப்பிவிடுங்கள். கரும்பலகை துடைப்பது, வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோவது, நோட்டுகளை அடுக்குவது, பெல் அடிப்பது எல்லாம் அவன் வேலை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒருவன் கடைசி டெஸ்க்கில் நின்றுகொண்டே எழுதுவான். உட்கார்ந்தால் நான்கு வரி, நின்றால் ஒரு பக்கம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி ‘அவன் ஏன் நிற்கிறான், தண்டனையா’ என்று கேட்டார். ‘இல்லை சார், சலுகை’ என்றேன்.

‘புத்தகத்தை எடு, 42ஆம் பக்கம், இரண்டாவது பத்தியைப் படி, தெரியாத சொல்லுக்குக் கோடு போடு’ என்று ஒரே மூச்சில் சொன்னால் அவனிடம் மிஞ்சுவது ‘புத்தகத்தை எடு’ மட்டும்தான். சொன்னதை மனதில் கொஞ்ச நேரம் தாங்கி வைக்கிற இடம் அவனுக்குச் சின்னது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பியதும் ஒன்றைச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், முடித்ததும் அடுத்தது. எல்லாவற்றையும் கரும்பலகை ஓரத்தில் எழுதியும் போடுங்கள். சொல்லப்போனால் அந்த 37 பேரில் பத்துப் பேருக்காவது இது உதவும்.

பத்துக் கணக்கில் ஐந்து சரியாகப் போட்டால் அவனுக்கு அது போதும். கத்துவதை நிறுத்த ஒரு ரகசிய சைகை பேசிவையுங்கள். நீங்கள் டெஸ்க்கில் இரண்டு விரலால் தட்டினால் ‘கையைத் தூக்கு’ என்று அர்த்தம், அது அவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லித் திட்டுவது ஒரு நாளைக்கு இருபது தடவை நடந்தால், அப்புறம் வகுப்பே அவனை அந்தப் பெயரால்தான் பார்க்கும்.

ஒரு அட்டையில் மூன்று வரி: இடத்தில் இருந்தேன், கை தூக்கிப் பேசினேன், வேலையைத் தொடங்கினேன். ‘முடித்தேன்’ அல்ல, ‘தொடங்கினேன்’. ஒவ்வொரு பீரியட் முடிவிலும் டிக். உங்களுக்கு ஆகிற நேரம் அரை நிமிடம். அட்டை தினமும் வீட்டுக்குப் போக வேண்டும், டிக் எண்ணிக்கைக்கு அங்கே ஏதாவது கிடைக்க வேண்டும். முதல் வாரம் சுலபமாக ஜெயிக்க விடுங்கள். தோற்பது அவனுக்குப் புதிதே இல்லை.

விளையாட்டு பீரியடை மட்டும் தண்டனையாகப் பிடுங்காதீர்கள். அதைப் பிடுங்கினால் அடுத்த பீரியடில் அனுபவிக்கப் போகிறவர் நீங்கள்தான். அடி, முட்டி போடுவது, மட்டம் தட்டுவது எல்லாம் 2009ஆம் வருட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை. சட்டம் இல்லாவிட்டாலும் அடி இவனிடம் வேலை செய்யாது. கை வலிக்கும் வரை ஞாபகம் இருக்கும்.

பேரனுக்குச் சர்க்கரை, சாக்லேட் கொடுப்பதால்தான் இப்படி ஆடுகிறான் என்கிறாள் மருமகள். வல்லாரைக் கீரை கொடுத்தால் சரியாகும் என்கிறேன் நான். யார் சரி?
வாசகர், கும்பகோணம்

ஐயா, இருவருமே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கும் துறுதுறுப்புக்கும் தொடர்பு உண்டா என்று நடந்த பல சோதனைகளை ஒன்றாக அலசி, 1995ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிள்ளைகளின் நடத்தையைச் சர்க்கரை மாற்றியதாகத் தெரியவில்லை என்பது முடிவு. சாக்லேட் கூடிப்போகிற பிறந்தநாள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும்தானே ஆடுகின்றன? பல்லுக்காகக் குறைக்கலாம், அது வேறு. வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும். துவையலாகவே சாப்பிடுங்கள், அதற்காக டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏழு வயது மகனுக்கு ஏடிஹெச்டிக்காக டாக்டர் மீதைல்ஃபெனிடேட் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தார். மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. நான்காவது கடையில் சீட்டு இரண்டு பிரதி கேட்டார்கள். ‘போதை மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாயே’ என்கிறார் என் அண்ணன். கொடுக்கலாமா?
வாசகர், திருப்பூர்

கொடுக்கலாமா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை நான் சொல்கிறேன். இந்த மருந்து நம் நாட்டு மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. தனி உரிமம் உள்ள கடைதான் விற்க முடியும், சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு என்பதால் இந்தக் கெடுபிடி. டாக்டர் பார்வையில், பிள்ளையின் எடைக்கும் தேவைக்கும் அளந்து கொடுக்கிறபோது சங்கதியே வேறு என்று உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். ஒன்றும் புது மருந்தும் இல்லை. 1944ல் சுவிட்சர்லாந்தில் செய்தது. செய்தவரின் மனைவி பெயர் ரீட்டா, அதிலிருந்துதான் இந்த மருந்துக்கு ரிட்டலின் என்ற வணிகப் பெயர் வந்தது.

1999ல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. கவனச்சிதறல், துறுதுறுப்பு ஆகிய அறிகுறிகளைக் குறைப்பதில், நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிடக் கவனமாக அளந்து மருந்து பெற்றவர்கள் முன்னால் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாயிருந்தது. வகுப்பறையில் நான் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான். மருந்து பிள்ளையை உட்கார வைக்கிறது, உட்கார்ந்தவனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டை யாராவது சொல்லித்தர வேண்டுமே. மருந்து தொடங்கியதும் டியூஷனை நிறுத்தி, டிக் போடுகிற அட்டையை நிறுத்தி, எல்லாம் தானாக நடக்கும் என்று காத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

பசி குறையும். அதனால் காலையில் முதலில் இட்லி, அப்புறம் மாத்திரை. மதியச் சாப்பாடு திரும்பி வந்தால் திட்டாதீர்கள், ராத்திரி மருந்து வேகம் இறங்கியபின் நன்றாகச் சாப்பிடுவான். தூக்கம் தள்ளிப்போகலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இவற்றை டாக்டர் அவ்வப்போது பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் நிற்கும், ஆகவே மாலை வீட்டுப்பாடத்தில் அதன் பலனைக் காணவில்லையே என்று புலம்ப வேண்டாம். இது ஒத்துவராவிட்டால் அடோமாக்ஸெடின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு, ஆனால் அது பலன் காட்டச் சில வாரம் பிடிக்கும். எதையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், அண்ணன் சொன்னார் என்று நிறுத்தாதீர்கள்.

மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மிஸ் ‘ஹைப்பரா இருக்கா, டெஸ்ட் பண்ணுங்க’ என்கிறார். மே மாதம்தான் ஐந்து வயது முடிந்தது.
வாசகி, மதுரை

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் முக்கியமான வரி. அந்த வகுப்பில் போன வருட ஜூலையிலேயே ஐந்து முடிந்த பிள்ளையும் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். ஐந்து வயதில் அது சின்ன விஷயமா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்து 2012ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே டிசம்பரில் பிறந்தவர்கள்தான் வகுப்பில் கடைக்குட்டிகள். ஜனவரியில் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு ஏடிஹெச்டி என்று எழுதப்பட்டது ஆண்பிள்ளைகளில் 30 சதவீதம், பெண்பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். மிஸ்ஸிடம் சண்டை வேண்டாம். பொங்கல் வரை பாருங்கள், தூக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்போதும் அதே பேச்சு என்றால் போய்க் காட்டுங்கள்.

மகள் ஏழாம் வகுப்பு. யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை, அவ்வளவு அமைதி. ஆனால் வகுப்பில் உட்கார்ந்தபடியே எங்கோ போய்விடுகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் சரிகிறது. ‘சோம்பேறி’ என்கிறார்கள். டிபன் பாக்ஸ் மட்டும் இந்த வருடம் நான்கு தொலைத்தாள்.
வாசகி, நாகர்கோவில்

என் பணிக்காலத்தில் நான் அதிகம் தவறவிட்டது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான். டெஸ்க் மேல் ஏறுகிறவனைத் தேட வேண்டியதில்லை. ஜன்னலோரம் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிற பெண்ணை யார் டாக்டரிடம் அனுப்புவார்கள்? ஆட்டமே இல்லாமல் கவனம் மட்டும் நழுவுகிற வகையும் ஏடிஹெச்டியில் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர் பின்னாலேயே நின்று நடத்திக்கொண்டு போயிருப்பார். ஆறில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு கெடு தேதி. அங்கேதான் இவர்கள் சரிவார்கள். நீங்களும் ஆறாம் வகுப்பு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஏடிஹெச்டி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வேறு சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கண், காது. ரத்தசோகை: பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாகப் போகிறதா? தைராய்டு. இன்னொன்று, ‘எங்கோ போய்விடுகிறாள்’ என்பதைக் கவனித்துப் பாருங்கள். பேச்சின் நடுவே சில வினாடி அப்படியே உறைந்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாமல், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்ந்தால் அது ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம். தொட்டதும் ‘ஆ, என்னம்மா’ என்று திரும்புகிறவள் கனவில் இருந்தாள் என்று அர்த்தம். போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

டிபன் பாக்ஸுக்கு என் வழி: பள்ளிப்பையின் ஜிப்பில் சாவிக்கொத்து மாதிரி ஒரு சின்ன அட்டை தொங்க வேண்டும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், டைரி. பையை மூடும்போது அது கையில் இடிக்க வேண்டும். கதவில் ஒட்டுகிற பட்டியலால் பயனில்லை, நான்காம் நாள் அது சுவரோடு சுவராகிவிடும்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு ஏடிஹெச்டி. ‘இவனை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, டிசியை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறது தனியார் பள்ளி. பத்தாம் வகுப்பில் சலுகை ஏதும் உண்டா?
வாசகர், தாம்பரம்

எட்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உங்கள் பள்ளி அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) அவர்கள் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித்தர மாட்டார்கள், பேச்சும் அதோடு அடங்கும். அடங்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு. இதெல்லாம் உரிமை. ஆனால் பிள்ளையை முழு மனதோடு வெறுக்கிற இடத்தில் சட்டத்தைக் காட்டி எட்டாம் வகுப்பு வரை உட்கார வைப்பதா என்பதையும் யோசியுங்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு தடவை போய்ப் பேசிப் பாருங்கள், சிறப்புப் பயிற்றுநர் வருகிறாரா என்று கேளுங்கள்.

பொதுத்தேர்வு விஷயத்தில் ஒரு சிக்கல். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனிப் பெயராக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிற பிள்ளைகள் நிறைய, அதனால் படிப்பது, எழுதுவது, கணக்கு இவற்றையும் முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியா (படிப்பதில் தடுமாற்றம் வரும் கற்றல் குறைபாடு) சான்று இருந்தால் நம் மாநிலப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுகிற ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். சிபிஎஸ்இயில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஒன்பதாம் வகுப்பு தொடக்கத்திலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள், பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து ஓடாதீர்கள். உங்களுக்கு முட்டுக்காடு பக்கம்தானே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு. ஆறாவதில் டாக்டர் ஏடிஹெச்டின்னு சொன்னார். நாலு தடவை படிச்சாலும் ஒரு பாராகூட நிக்கல. நேத்து கணக்கு நோட்டை வீட்டிலேயே வச்சுட்டு வந்து வெளியே நின்னேன். என் தங்கச்சி என்னைவிட நல்லா படிக்கிறா. நான் மக்கா? வெள்ளிக்கிழமை சயின்ஸ் டெஸ்ட்.
வாசகர், திண்டுக்கல்

தம்பி, நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கும் ஏடிஹெச்டிதான், 28 ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார் என்று சொல்லி உன்னைத் தட்டிக்கொடுக்கப் போவதில்லை. உன் வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு அது உதவாது. இந்த இதழ் வருவதற்குள் அந்த டெஸ்ட் முடிந்தும் போயிருக்கும், மன்னித்துக்கொள். அடுத்ததற்கு வைத்துக்கொள்.

மக்கா என்று கேட்டாய். 2007ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நிறையப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் மேற்பரப்பில் பாதி இடங்கள் முழுத் தடிமனை எட்டுவது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதில் என்றால், உன் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில். வளர்கிற வரிசை அதே வரிசை, மூன்று வருடம் பின்னால். அதிகம் பிந்தியது கவனத்தையும் திட்டமிடுதலையும் பார்த்துக்கொள்கிற முன்பகுதி. தங்கச்சியோடு உன்னை ஒப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல். தங்கச்சியிடம் சொல்லாதே, வாழ்நாள் முழுக்க வைத்துக் கிண்டல் செய்வாள்.

நான்கு தடவை படித்தேன் என்றாய். நான்கு தடவையும் கண் மட்டும்தானே ஓடியது? உட்கார்ந்து படிக்காதே. நடந்துகொண்டு, சத்தமாக, ஒரு பத்தி. புத்தகத்தை மூடி, சுவரைப் பார்த்து உன் சொந்தத் தமிழில் சொல். மூன்று வரி வந்தால் போதும், அதை ரஃப் நோட்டில் கிறுக்கு. பதினைந்து நிமிடம் ஆனதும் நிறுத்து, வாசலுக்குப் போய்விட்டு வா. முந்தின நாள் ராத்திரி மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, ஆறு நாளைக்குத் தினம் இரண்டு பதினைந்து நிமிடம். டெஸ்ட்டில் கேள்வித்தாள் வந்ததும் ‘ஏன்’, ‘எவை’, ‘இரண்டு எழுதுக’ இந்தச் சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போடு. உன் மாதிரிப் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிற இடம் பெரும்பாலும் அதுதான்: பதில் தெரியும், கேள்வியைப் பாதிதான் படித்திருப்பார்கள்.

கணக்கு நோட்டை ராத்திரி எழுதி முடித்த கையோடு வாசலில் உன் ஷூவுக்குள் சொருகி வை. பைக்குள் வைக்கிறேன் என்று கிளம்பினால் பைக்குப் போகிற வழியில் வேறு ஏதாவது கண்ணில் படும். நோட்டை எடுக்காமல் ஷூ போட முடியாது.

ஆசிரியரிடம் ஒரு நாள் தனியாகப் போய், ‘சார், நான் வேண்டும் என்று மறக்கவில்லை, கடைசி பெல்லுக்கு முன்னால் என்னை ஒரு தடவை நோட்டு கேளுங்கள்’ என்று சொல். நடுக்கமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடு. உன் கடிதத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் எழுதுகிறாய்.

அப்புறம், அடுத்த தடவை எழுதும்போது உறையில் ஸ்டாம்பு ஒட்டு. இந்தத் தடவை மறந்துவிட்டாய். பத்திரிகை ஆபீஸில் தபால்காரருக்குப் பத்து ரூபாய் கட்டி உன் கடிதத்தை வாங்கியிருக்கிறார்கள்.